சுவர் ஏறிய குழாய்

பம்பு கல்லைத் தின்கிறது என்றார்கள்.
அரசூரில் போய் இறங்கியதும்
எனக்கும் கேட்டது:
தகர டப்பாவில் சரளையைப் போட்டு
யாரோ விடாமல் குலுக்குகிற மாதிரி.

வருசத்தில் இது மூன்றாவது இம்பெல்லர்.
கழற்றியதைக் கையில் கொடுத்தார் அர்த்தநாரி.
வெண்கலமெல்லாம் அம்மைத் தழும்பு.
"ஆயிரத்தி நூறடி போர் தண்ணிங் மேடம்,
உப்பு அரிச்சுப்போடுது."
உப்பு வெள்ளையாய்ப் படியும்,
குழி பறிக்காது.
அதைச் சொல்லாமல்
குழாய் போகும் வழியே நடந்தேன்.

கூலிங் டவர் தம்பியின் பாகத்தில்.
பம்பும் உலையும் அண்ணன் பாகத்தில்.
நடுவே ஒன்பதடிச் சுவர்,
உச்சியில் கண்ணாடிச் சில்லு.
தொட்டியில் புறப்பட்ட ஆறு அங்குலக் குழாய்
சுவரில் முட்டி
நெட்டுக்குத்தாய் ஏறி
சில்லுகளைத் தாண்டி
மறுபடி இறங்கி
நான்கு எல்போ திரும்பி
பம்பின் வாய்க்கு வருகிறது.
புத்தன் மாஜி தினம் விடிகாலையில்
ஏணி வைத்து, உச்சியில் புனல் வைத்து,
வாளி வாளியாய் ஊற்றினால்தான் அது பிடிக்கும்.

நீரைத் தள்ளலாம், இழுக்க முடியாது.
பம்பு உறிஞ்சுவதாகச் சொல்வது பேச்சுக்கு.
அது வாயைத் திறந்து இடம் விடுகிறது,
திறந்த தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் வானம்
அழுத்தி அனுப்புகிறது.
இந்த மேட்டுச் சீமையில்
வானத்தின் கனம் கடற்கரையைவிடக் கொஞ்சம் கம்மி.
உலையின் சூட்டை வாங்கி வந்த வெதுவெதுப்புக்கு ஒரு பங்கு,
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
வடிகட்டியில் திணித்த வேப்பஞ்சருகுக்கு ஒரு பங்கு,
நான்கு எல்போவுக்கும் தனித்தனியாய்க் கப்பம்,
பிறகு அந்த ஒன்பதடி.
உச்சியில் வரும்போது
தண்ணீர் கையில் காலணா இல்லை.
கொதிக்காத சூட்டில் கொதித்துக் குமிழாகிறது.
பம்புக்குள் போனதும் குமிழ் நொறுங்குகிறது.
கடுகைவிடச் சின்ன சுத்தியல்,
நிமிசத்துக்கு எத்தனை லட்சமோ.

தாளில் எழுதிக் கொடுத்தேன்.
சுவரில் ஓரடி ஓட்டை, தரையை ஒட்டி.
எட்டு அங்குலக் குழாய், நேராக.
பம்பு வாயில் ஒருபக்கச் சரிவு ரெடியூசர்,
தட்டைப் பக்கம் மேலே,
காற்று பதுங்க மூலை கூடாது.
அந்தண்டை ஒரு நான்-ரிட்டன் வால்வு,
கரண்ட் போகும்போது ஏறின தண்ணீர் திரும்பி வராதிருக்க.

முதல் வரிக்கு மேல் அவர் படிக்கவில்லை.
"பெரிய பம்பாப் போட்டர்லாமுங்."
பெரிய பம்பு பெரிய கல்லைத் தின்னும் என்றேன்.
"செவுத்துல கை வெச்சா அவன் கோர்ட்டுக்குப் போவான்."

சுவருக்கு அப்பால் ஒரு தொண்டைச் செருமல்.
"மேடம், அவுருகிட்டச் சொல்லுங்.
ஓட்டை போட்டுக்கட்டும்.
குளாய் போக மிச்சச் சந்தை
பூசிக் குடுத்தரோணும்."
மூன்றடி தள்ளி நின்றவருக்கு
அதே சொற்களை நான் திரும்பச் சொன்னேன்.
"கேட்டுதுங்" என்றார் அர்த்தநாரி,
என்னைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை உடைத்தார்கள்.
குழாயை நுழைக்க நாற்பது நிமிசம் ஆனது.
அதுவரைக்கும் திறந்திருந்த ஓட்டை வழியே
டவரின் சாரல் இந்தப் பக்கம் அடித்தது.
அந்தப் பக்கம் ஒரு கட்டம்போட்ட லுங்கியின் கரை,
ரப்பர் செருப்பில் இரண்டு கால்.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.
இக்கட்ட ஒரு கொத்தனார், அக்கட்ட ஒரு கொத்தனார்,
ஒரே மூட்டை சிமெண்ட்,
இரண்டு பில்.

சுவிட்சைப் போட்டதும் முள் எழுந்து
ஓரிடத்தில் நின்றது.
அர்த்தநாரி முகம் மாறிவிட்டது.
"ஓடுதுங்களா? சத்தத்தயே காணமே?"
அவர் கையைப் பிடித்துக் குழாய்மேல் வைத்தேன்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

புத்தன் மாஜி
வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து
பீடி பற்றவைத்தார்.